இரண்டாவது கேள்வி

பிப்ரவரி 6, செவ்வாய்

மூன்று மாதம் கழித்து இன்றைக்கு ஐரிஷ் வகுப்புக்குப் போய்வந்தேன். மத்தியானம் வரை போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். இவர் ஐந்தரைக்கே பால் பவுடர் ஃபேக்டரியிலிருந்து வந்து, மிதுவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "நீ போய்ட்டு வா மோகி, நான் சோறு ஊட்டிக்கறேன்" என்றார். அதற்குமேல் என்ன சாக்குச் சொல்வது?

அத்லோன் நூலகத்தின் மாடி அறை அப்படியே இருக்கிறது. அதே ஈரக் கோட்டு வாசனை, அதே ஆடும் நாற்காலி. இந்த ஊரில் எல்லாரும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் மிதுவின் மழலையர் பள்ளியில் பேச்சு, பாட்டு எல்லாமே ஐரிஷ். நாலு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்து பாடுவது பெற்றவளுக்குப் புரியவில்லை என்றால் அசிங்கம் என்று செப்டம்பரில் சேர்ந்தேன். டீச்சர் ஓர்லா ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்குத் தெரியும்.

டெக்லனுக்குத் தெரியவில்லை. வகுப்பில் என் ஜோடி அவர். பஸ் ஓட்டுகிறார், ஐம்பத்தைந்து வயது, பள்ளிக்கூடத்தில் ஐரிஷில் ஃபெயிலானதற்குப் பழிவாங்க வந்திருப்பதாகச் சொல்வார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "சின்னவன் எப்படி இருக்கான்? தூங்க விடறானா?" என்றார்.

"ம். நல்லாத் தூங்கறான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் அதுதான் வந்தது.

நவம்பர் பதினான்காம் தேதி, எட்டு மாதம் முடிந்த நிலையில், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனான். இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் டைரி மூன்று மாதம் அலமாரியில் கிடந்தது. எழுதியாயிற்று.

பிப்ரவரி 13, செவ்வாய்

மே மாதம் பதினெட்டாம் தேதி வாய்மொழித் தேர்வு இருக்கிறதாம். கட்டாயமில்லை. விரும்புகிறவர்கள் சுவரில் ஒட்டிய தாளில் பெயர் எழுதவேண்டும். கால் மணி நேரம், வெளியூர்ப் பரிசோதகர், பன்னிரண்டு கேள்வி. எல்லாம் செப்டம்பரில் ஓர்லா கொடுத்த அச்சடித்த தாளில் உள்ளவைதான். அதில் கோடிட்ட இடங்களை நிரப்பி, ஜோடி ஜோடியாக ஒருவரை ஒருவர் கேட்டு, மனப்பாடம் செய்வதுதான் இந்த வகுப்பின் முறை. என் பதில்கள் என்னைவிட டெக்லனுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் கேள்வி, உன் பெயர், ஊர். இரண்டாவது கேள்வி, உனக்கு எத்தனை குழந்தைகள்? பெயர் என்ன?

செப்டம்பரில் நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி "ஒன்றா, ஒன்றரையா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "தேர்வு வரும்போது இரண்டாகியிருக்கும், இரண்டு என்றே எழுது" என்றாள் ஓர்லா. எழுதினேன். நீல மையில், அடிக்கோடு வேறு போட்டு.

மிதுவின் பள்ளித் தலைவி கிரானியா போன வாரம் சொன்னாள், செப்டம்பரில் புது அறை திறக்கிறார்கள், உதவிக்கு ஆள் வேண்டும், இந்தத் தேர்வில் தேறினால் என்னை எடுத்துக்கொள்வாளாம். கோபியில் நான்கு வருடம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வகுப்பறையில் மறுபடி நின்றால் மூச்சு வரும்போல இருக்கிறது. எழுதவா, வேண்டாமா? பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

ஆறு டிகிரி. ஹாட் பிரஸ்ஸுக்குள் (சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, துணி காயவைக்க) இட்லி மாவுப் பாத்திரத்தை வைத்தேன், பொங்கிவிட்டது. அதன் மேல்தட்டில் ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதைப் பார்க்காமல் மாவை எடுக்கப் பழகிவிட்டேன்.

இவர் சாமான் வாங்கப் போனால் ஒரு மணி நேர வேலைக்கு இரண்டரை மணி நேரம். ஷூ முழுக்கச் சேறு. "கடைக்குள்ள என்ன வயலா உழுதீங்க?" என்று கத்திவிட்டேன். வாசலில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்தார். கொத்தமல்லி வாங்க மறந்திருக்கிறார். மிதுவுக்கு ஒரு காற்றாடி வாங்கியிருந்தார். "அப்பா ரெண்டு வாங்குனாங்க" என்கிறாள். இன்னொன்று காரில் எங்கேயாவது கிடக்கும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

டெக்லனுக்கு ஓர்லா சொல்லியிருக்கிறாள். இடைவேளையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் தூக்காமல், "நான் ஒரு மடையன். தூங்க விடறானான்னு கேட்டேனே" என்றார்.

"நான்தானே பொய் சொன்னேன், டெக்லன்."

"பொய்யா? என் தாளைப் பார்." எடுத்து நீட்டினார். திருமணம் ஆகிவிட்டதா? ஆம். மனைவி பெயர்? மொய்ரா. "மொய்ரா போய் ஆறு வருஷமாச்சு. காவன் ஊர்ல ஒரு பிளம்பரோட இருக்கா. அதை எப்படிச் சொல்றதுன்னு இந்தத் தாள்ல இல்லை. அதனால ஐரிஷ்ல மட்டும் நான் இன்னும் கல்யாணமானவன். போன வாரம் இதே தாள்ல ஒரு குதிரை வேற வாங்கிட்டேன்."

சிரித்துவிட்டேன். நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

ஓர்லாவும் அடிக்கடி சொல்வதுதான்: பரிசோதகர் போலீஸ் இல்லை, உண்மை பேசவேண்டும் என்று கட்டாயமில்லை, ஐரிஷ் பேசினால் போதும். நாய் இல்லாதவர்கள் நாய் இருக்கிறது என்று சொல்லுங்கள், நான்கு வாக்கியம் கூடக் கிடைக்கும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை.

மார்ச் 5, செவ்வாய்

மிதுவுக்குக் காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து என் விரல்தான் மரத்துப்போயிற்று.

மார்ச் 12, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். "ஏங்கண்ணு, இன்னும் அதையே நெனச்சுட்டு இருக்கறயா? பேரு வெக்காத புள்ளைக்கு எத்தனை நாளைக்குச் சாமி அழுவாங்க? அடுத்ததுக்கு வழியப் பாரு."

பேர் வைக்காத பிள்ளை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டிப் பெயர் கேட்டாள். வீடியோ காலில் இவர் அம்மா, அத்தை, "பேரு கீரு வெச்சராதீங்க. வெச்சா அந்தப் பேரு வீட்டையே சுத்தும்" என்று அழுதார்கள். இவர் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "முடிச்சுட்டேன், நீ தூங்கு" என்றார். அடக்கத்துக்கும் இவரும் ஆஸ்பத்திரிப் பாதிரியாரும் மட்டும்தான் போனார்கள். பொம்பளைகள் மயானத்துக்குப் போகிற வழக்கமில்லை, பச்சை உடம்புக்காரி போகவே கூடாது. எம்.எஸ்சி., பி.எட். படித்தவள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எந்த இடம் என்றுகூடக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு பெயர் பிடித்திருந்தது. எழிலன். அக்டோபரில் அதற்குச் சண்டை. "என் பேரு சபரிநாதன், அதையே சப்ரினான்னு கூப்பிடறானுங்க. இதுல 'ழ' வேறயா? நம்ம பையனை இந்த ஊர்ல யாராவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?" என்றார். அவருக்கு தேவ் என்று வைக்க ஆசை. நான் இரண்டு நாள் பேசவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

தாளில் என் பெயரை எழுதிவிட்டேன். டெக்லன் பெயருக்குக் கீழே.

இரண்டு என்றே சொல்லப்போகிறேன்.

மார்ச் 29, வெள்ளி

பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு இரண்டு குழந்தைகள். மகள் பெயர் மிதுலா, நான்கு வயது. மகன் பெயர் எழிலன், மூன்று மாதம். தலை நிறைய முடி. பால் குடிக்கிறான். தூங்குகிறான். தூங்குகிறான் என்பதற்கு ஐரிஷில், தா ஷே இனா ஹுல்லா.

இதையே தமிழில் சொன்னால் இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுகிறேன். ஐரிஷில் நிற்பதில்லை. தண்ணீர் மாதிரி வருகிறது. இந்தப் பாஷையில் அவன் செத்துப்போகவே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறான்.

தப்புதானா இது? யாருக்கு என்ன நஷ்டம்?

ஏப்ரல் 9, செவ்வாய்

மே மாதம் அவனுக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். ஐந்தில் பல் முளைக்குமே. 'பல்' என்பதற்கு ஐரிஷில் என்ன என்று ஓர்லாவிடம் கேட்டேன். துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒரு பல் சேர்த்துக்கொண்டேன். கீழ்வரிசையில்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கண்ணாடிக்கு முன்னால் கிவியும் ஆப்பிளும் வைத்துக் கனி பார்த்தோம். மாம்பழம் கிடைக்கவில்லை. இவர் நேற்றும் சேற்றோடுதான் வந்தார், பண்டிகை முதல் நாள் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மிது ஒரு வாரமாகச் சமர்த்தாகிவிட்டாள். கத்துவதில்லை. மாடிப்படியில் நுனிக்காலில் நடக்கிறாள். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறாள். பள்ளியில் ஏதோ புது விளையாட்டு சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஏப்ரல் 18, வியாழன்

மணி இரண்டாகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

பள்ளி வாசலில் கிரானியா என்னைத் தனியே கூப்பிட்டாள். "மிதுலா எல்லாரிடமும் தம்பி வீட்டில் தூங்குவதாகச் சொல்கிறாள். ஒரு பல் முளைத்திருக்கிறதாம். நல்ல ஐரிஷில் சொல்கிறாள்" என்றாள். பிறகு, "நீங்கள் அவளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்தால், நாங்களும் அதையே சொல்வோம்" என்றாள். குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் மிது ஹாட் பிரஸ் கதவைத் திறந்து, துணிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடா தேடற?"

விரலை உதட்டில் வைத்தாள். "எழிலன் எங்கம்மா தூங்கறான்? கட்டிலுக்கு அடியில இல்ல. நான் சத்தமே போடலம்மா. ஒரு வாரமா போடல."

கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நுனிக்காலில்.

இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தேர்வு, மனப்பாடம், பல், எல்லாம். திட்டுவார் என்று இருந்தேன். இவர் வேறு எதையோ பிடித்துக்கொண்டார்.

"பெட்டியைத் திறந்து பாத்தியா?"

"எந்தப் பெட்டிங்க?"

"மேல் தட்டுல இருக்கறது. பாக்காம அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் பேரு? நான் வெக்கணும்னு ஆசைப்பட்ட பேருதானுங்களே."

மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அதைத்தான் எழுதிக் குடுத்தேன், மோகி."

"அத்தை வேண்டாம்னாங்களே?"

"அம்மாகிட்ட வெக்கலைன்னு சொல்லிட்டேன். உங்கிட்ட சொன்னா நீ கூப்பிட ஆரம்பிச்சிருவியோன்னு பயம். நானே கூப்பிட்டுட்டு இருந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை, அவன் இருக்கற எடத்துக்குப் போய்."

சேறு. இரண்டாவது காற்றாடி. இரண்டு மாதமாக அந்த மனுஷனை ஷூவுக்காகத் திட்டியிருக்கிறேன்.

பெட்டியை இறக்கினோம். என் கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு பாதங்கள், மைத்தடமாக, ஒரு அட்டையில். யாரோ பின்னிய மஞ்சள் தொப்பி. கையில் கட்டும் பட்டை ஒன்று, அதில் நர்ஸின் கையெழுத்தில் அவன் பெயர், ஆங்கிலத்தில், ஒரு எழுத்து விடாமல். "ஒவ்வொரு எழுத்தா நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு எழுதுச்சு. சரியான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு" என்றார்.

இட்லி மாவுக்கு மேலேயே ஐந்து மாதம் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

மிதுவை நடுவில் உட்காரவைத்துச் சொன்னோம். தம்பி தூங்கவில்லை, செத்துப்போய்விட்டான், அம்மா சொன்னது பரீட்சைக்காகச் சொல்லிப் பார்த்தது, அம்மா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பாதத் தடத்தைக் காட்டினோம். தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் சத்தம் போடலாமா?"

"போடலாம் தங்கம்."

போடவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

பெயரை அடிக்கலாம் என்று சீக்கிரமே போனேன். டெக்லன் பார்த்துவிட்டார். "என்னை மட்டும் தனியா விட்டுட்டு ஓடப் பாக்கறியா? குதிரைக்கு நான் புல்லெல்லாம் வாங்கிட்டேன்."

"இரண்டுன்னு இனிமே என்னால சொல்ல முடியாது, டெக்லன். ஒண்ணுன்னும் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விலயே நின்னுட்டா அப்பறம் என்ன தேர்வு?"

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓர்லா வந்து என் தாளை வாங்கினாள். நீல மையில் இருந்த 'இரண்டு' என்பதை அவள் அடிக்கவில்லை. அதன் கீழே, கோடில்லாத வெற்றிடத்தில், ஒரு வாக்கியம் எழுதினாள். என் மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டான். "இது தாளில் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை" என்றாள். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

டெக்லன் தன் தாளையும் மெதுவாக நீட்டினார். "அப்ப எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. மொய்ராவைப் பத்தி." பிறகு, "குதிரை மட்டும் இருக்கட்டும்" என்றார்.

நான் பெயரை அடிக்கவில்லை. எடுக்கப்போகிறேன் என்றும் சொல்லவில்லை.

மே 7, செவ்வாய்

அந்த வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. ஐரிஷிலும் இப்போது இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுகிறேன். இத்தனை நாள் தண்ணீர் மாதிரி வந்த பாஷை.

மே 17, வெள்ளி

நாளைக்குப் பதினொரு மணிக்கு. சட்டையை இஸ்திரி போட்டேன். போகாமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கட்டாயமில்லாத தேர்வுதான். மிதுவின் மூச்சை மூன்று முறை பார்த்தாயிற்று. பன்னிரண்டாகப் போகிறது, தூங்கவேண்டும்.

மே 18, சனி

போனேன்.

எனக்கு முன்னால் டெக்லன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, "குதிரைக்கு வயசு கேட்டாங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பரிசோதகர் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள், மேற்குக் கடற்கரைப் பக்கத்துக்காரர். முதல் கேள்வி. பெயர் மோகனப்ரியா, ஊர் கோபிசெட்டிபாளையம், இப்போது அத்லோன். தலையசைத்தார். இரண்டாவது கேள்வி. உனக்கு எத்தனை குழந்தைகள்?

ஜன்னலில் மழை. மேசையில் அவருடைய கண்ணாடிக் கூடு. அவர் அவசரப்படுத்தவில்லை.

இரண்டு, என்றேன். மகள் மிதுலா, நான்கு வயது. மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டான்.

தப்பில்லாமல் வந்ததா என்று தெரியாது. வந்தது.

தேர்வு முடியும்வரை ஐரிஷ் தவிர வேறு பேசக்கூடாது என்பது அவருக்கும் விதி. எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். அவன் பெயர் என்ன?

எழிலன்.

சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கை மடக்கி, பாதி வழியில் தடுமாறி, மூன்றாவது முறை கிட்டத்தட்டச் சரியாகக் கூப்பிட்டார். எழிலன். நல்ல பெயர், யார் வைத்தது என்றார்.

நான் வைத்தேன். அவன் அப்பா எழுதினார்.

அவர் குனிந்து தாளில் எதையோ குறித்தார். மூன்றாவது கேள்வி, இன்று வானிலை எப்படி? மழை பெய்கிறது, குளிராக இருக்கிறது, என்றேன். மீதிக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். முடிவு ஜூனில் வருமாம்.

கீழே காரில் இவரும் மிதுவும். "பாஸாயிருவியா?" என்றார்.

"தெரியலைங்க. ஆனா அந்தம்மா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'ழ'வோட."



மே 25, சனி

இவர் சாவியை எடுத்தபோது நானும் ஷூவை மாட்டினேன். அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்கவில்லை. மிதுவும் வந்தாள்.

ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டம், பெரியவர்கள் வரிசைக்கெல்லாம் பின்னால், சுவரோரம் சின்னச் சின்ன மேடுகள். பாதையே இல்லை, எல்லாம் சேறுதான். நான்காவதில் சிவப்புக் காற்றாடி, மழையில் வெளுத்திருந்தது. மரப்பலகையில் அவன் பெயர். இவர் கையெழுத்து, தமிழில்.

நான் குனிந்து காற்றாடியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன். இவர் என் முன்னால் கூப்பிடக் கூச்சப்பட்டு நின்றார். மிது எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ஏழு வாரமாக மூச்சுவிடாமல் இருந்த பிள்ளை, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்தவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"எழிலா! எந்திரிக்க வேண்டாம், சும்மாதான் கூப்பிட்டேன்!"

யாரும் அவளை அடக்கவில்லை.